‘ம்’ சொன்னால் ஓடும் வண்டி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், வாசலில் பெரிய வளைவு கட்டி, உள்ளே தார் ரோடு போட்டு, கலர் கலராகக் கொடி நட்டு வைத்த மனைப்பிரிவுகள் நிறைய உண்டு. வீடு மட்டும் இருக்காது. மனை வாங்கியவர்கள் எப்போதாவது காரில் வந்து தங்கள் எல்லைக்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த ரோடுகள் எனக்குத்தான். நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பட்டா யார் பேரில் இருந்தாலும், விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிற வரைக்கும் அந்த ‘நகருக்கு’ நான்தான் மேயர்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே பேச்சுதான். முதல் முறை வண்டியில் உட்காருகிற பெண்கள் சொல்வதையெல்லாம் நான் மறப்பதில்லை. “நா கேக்காமயே வண்டி போவுதுக்கா” என்றாள் ஒரு கல்லூரிப் பெண். “பிரேக்கு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியுது, எனக்குத் தெரியல” என்றார் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஓர் அம்மா. கோட்டக்குப்பத்திலிருந்து வந்து கற்ற ஒருத்தி, துபாயில் இருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டுவாள். ஒரு நாள் வண்டி போய்ப் புதரில் நின்றது. திரும்பி வந்து, “அவரு அங்க பிரேக் புடிச்சாரு, இங்க நிக்கல” என்றாள். இதையெல்லாம் இரவு சமையல் செய்யும்போது நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. விழுப்புரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறவர்களுக்கான புத்தகம், அட்டை கிழிந்தது. கற்றல், நடத்தை, ஆளுமை என்று தலைப்புகள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ‘கற்றல்’ என்ற சொல்லைப் பார்த்ததும், நாமும் கற்றுக்கொடுக்கிற ஆள்தானே என்று ஒரு சொந்தம் வந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் பிரித்தேன். நடத்துநர் வந்து தோளைத் தட்டி, “எக்கா, திண்டிவனம் தாண்டிட்சி. மேல்மருவத்தூர் போறதா இருந்தா இன்னொரு டிக்கெட் எடுங்க” என்ற பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

என்ன இருந்தது அதில்? மணி அடித்துவிட்டுச் சோறு வைத்தே பழக்கிய நாய்க்கு, பிறகு மணிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறுமாம். எதைச் செய்து நல்ல பலன் கிடைக்கிறதோ, உயிர்கள் அதையே திரும்பச் செய்யுமாம். பிறர் செய்வதைப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொள்வோமாம். கடைசியில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவருடைய குணம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பிறவியில் வந்ததல்ல, இப்படி நாளாவட்டத்தில் பழகிக்கொண்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்களாம். பழகியதுதான் என்றால் மாற்றிப் பழகவும் முடியும்!

எனக்குக் கை பரபரத்தது. என் மைதானமான அந்த மனைப்பிரிவின் நாய்கள் நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிற ‘டக்’ சத்தத்துக்கே எழுந்து வந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டை நான் வெளியில் எடுக்கவே வேண்டாம். நான் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் முதல் பக்கமே என் கண்ணெதிரில் வாலாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது!

அந்த வாரம்தான் அந்த அக்கா வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஓமந்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் பைக்கில் அழைத்து வந்தார். அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கை அவர் தோளில், ஒரு கையில் புது ஹெல்மெட். இறங்குவதற்கு முன்பே கணவர் ஆரம்பித்துவிட்டார்.

“முன்னாடியே சொல்லிட்றேன் மேடம். இவ சுபாவமே பயந்த சுபாவம். குக்கர் விசில் அடிச்சா அடுத்த ரூமுக்கு ஓடுவா. கத்துக் குடுத்து நீங்கதான் பேஜாராயிடுவீங்க.”

“ஏன்யா, அந்தக் குக்கரு மூடி ஒரு நா வெடிச்சிக்கினு போயி சீலிங்ல அடிச்சிதே, அதயும் சேத்துச் சொல்லு” என்றார் அக்கா.

நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். “பாத்தீங்களா! மூடி வெடிச்சதுக்கு முன்னாடி விசிலுக்குப் பயந்தீங்களாக்கா?”

“இல்லம்மா. அது பாட்டுக்கு அடிக்கும், நா பாட்டுக்கு அரிசி கழுவிக்கினு இருப்பேன்.”

“அப்ப இது சுபாவம் இல்ல. பழகுனது!”

கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, எடுத்துக்கொண்டு, ஓர் எல்லைக்கல்லில் போய் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க ஒரு நல்ல இடம் கிடைத்த முகம்.

அக்காவுக்கு ஏன் இந்த வயதில் ஸ்கூட்டர்? திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் பல வருடமாக வேலை. தரை துடைப்பார், டோக்கன் கொடுப்பார், நர்சுக்குக் கை உதவி செய்வார். அப்படியே ரத்த அழுத்தம் பார்க்க, புண்ணுக்குக் கட்டு மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். வெளியே வர முடியாத வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். “ஊர் ஊரா போவணும். வண்டி ஓட்டி லைசென்ஸ் எடுத்துட்டு வந்தா அந்த வேலை உங்களுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆள வச்சிடுவேன்” என்பது பேச்சு.

“சம்பளத்துக்காகன்னு நெனச்சிக்காத டீச்சரம்மா” என்றார் அக்கா. “கிளினிக்ல எல்லாரும் என்ன எப்படிக் கூப்புடுவாங்க தெரியுமா? ‘எம்மா, இங்க தண்ணி கொட்டிட்சி.’ அவ்ளோதான். வூட்டுக்குப் போயி பிரஷர் பாத்தா, யாராச்சும் ‘வாம்மா, உக்காரு’ன்னு சொல்லுவாங்க இல்ல?”

இதற்குப் பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்!

ஆனால் அக்காவின் உடம்பு வேறொன்றைக் கற்று வைத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தே போன உடம்பு. நேராக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார். வளைவு வந்ததும் ஒரு கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு முன்னால் நீளும். எதைத் தேடுகிறது? கணவர் தோளை! அங்கே தோள் இல்லை, காற்றுதான் இருக்கிறது. “அய்யோ, அந்தாளு எங்க?” என்று அக்காவே கேட்டுவிட்டு, அக்காவே சிரிப்பார். அந்தாளோ கல்லில் உட்கார்ந்து மல்லாட்டைத் தோலை ஊதிக்கொண்டிருப்பார்.

நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். தப்புக்குத் திட்டாதே, சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பாராட்டிவிடு, தாமதித்தால் பாராட்டு எதற்கென்று தெரியாமல் போய்விடும் என்று அதில் இருந்தது. வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டு ‘ரொம்ப நல்லா பண்றீங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதனால் எனக்கு இயல்பாக வருகிற ஒன்றை எடுத்துக்கொண்டேன். “ம்.” கை ஹேண்டிலில் இருந்தால் “ம்.” பார்வை தூரத்தில் இருந்தால் “ம்.” சரியான வேகத்தில் வளைந்தால் கொஞ்சம் நீட்டி, “ம்ம்ம்.” தப்பு செய்தால் வாயை மூடிக்கொள்வேன். அவ்வளவுதான் பாடம்.

என்ன சொல்வது, மந்திரம் போட்டது போல வேலை செய்தது! ஒரு வாரத்துக்குள் கை தோளைத் தேடுவதை விட்டது. இரண்டாவது வாரம், செங்கல் அடுக்கி வைத்து எட்டு போட்டார். நான் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு “ம்… ம்… ம்ம்ம்…” என்று கொட்டிக்கொண்டே இருந்தேன். கால் கீழே படவில்லை. கணவர் மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“மேடம், இது என் பொண்டாட்டிதானா?”

“சுபாவம்னு சொன்னீங்களே சார், அது எங்க போச்சு?” என்று கேட்டேன். அன்றைக்கு என் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன்.

லைசென்ஸ் தேர்வு நாள் வந்தது. பயிற்சி கொடுப்பவர்கள் கம்பிவேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நானும் கணவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா ஹெல்மெட் மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஆய்வாளர் “போங்கம்மா” என்றார். வண்டி கிளம்பியது. நேர் ரோட்டில் தண்ணீர் மாதிரிப் போனது. முதல் வளைவு. அக்கா நின்றுவிட்டார். இரண்டு காலும் கீழே. தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“என்னம்மா, பெட்ரோல் இல்லியா?” என்றார் ஆய்வாளர்.

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அதே வளைவு, அதே இடம், அதே போலக் கால் கீழே. “பழகிட்டு அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கணவர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “சுபாவம் மேடம். நீங்க என்ன பண்ணுவீங்க? விட்ருங்க. மல்லாட்ட புடுங்குற நேரம், ஆளு நிக்கிறாங்க, நா ஜல்தியா போவணும்” என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு, “பரவால்ல டீச்சரம்மா. கிளினிக்கு பக்கெட்டு எங்க போயிடப்போவுது? அங்கதான் இருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வு நாள்தான் இருந்தது.

எதிரில் ஒரு டீக்கடை. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உள்ளே என்ன நடந்தது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். என் மனம் அங்கே இல்லை. புத்தகத்தின் பக்கங்களை மனத்துக்குள் திருப்பிக்கொண்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரு போங்கம்மான்னாரா, நானும் மெதுவா முறுக்குனேன். வண்டி நல்லாத்தான் போச்சி. அந்த வெள்ளக்கோடு வந்துச்சா…” அக்கா நிறுத்தினார். “டீச்சரம்மா, கேக்குறியா?”

“கேக்குறேன்க்கா, சொல்லுங்க.”

“வெள்ளக்கோடு வந்துச்சா, அங்க…” மறுபடி நிறுத்தினார். “எங்க கேக்குற? நீ பாட்டுக்கு உம்முன்னு ஒக்காந்துக்கினு இருந்தா நா யாருக்குச் சொல்றது? ஒரு ‘ம்’ கொட்டு. அப்பதான வாய் வரும்.”

டீ என் புடவையில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

நம் ஊரில் யாருக்குத்தான் ‘ம்’ இல்லாமல் பேச வரும்? போனில் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் ‘ம்’ வராவிட்டால், சிக்னல் போய்விட்டது என்று “அலோ… அலோ…” என்கிறோம். அதே ‘ம்’மைத்தான் நான் ஸ்கூட்டருக்குப் போட்டிருக்கிறேன்!

“அக்கா, அந்த வளைவுல ஏன் நின்னீங்க? யோசிச்சுச் சொல்லுங்க.”

அக்கா யோசித்தார். “தப்புப் பண்ணிட்டேன்னு தோணிச்சி.”

“என்ன தப்பு?”

“அது தெரியலியே. தப்புன்னு மட்டும் தெரிஞ்சிது.”

புரிந்துவிட்டது! மைதானத்தில் நான் வாயை மூடினால் தப்பு என்று அர்த்தம். அதைத்தான் அக்கா நன்றாகக் கற்றிருந்தார். தேர்வு மைதானத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அப்படியென்றால் எல்லாமே தப்பு என்றுதானே அந்த உடம்பு நினைக்கும்? அக்கா வளைவைக் கற்கவில்லை, என் சத்தத்தைக் கற்றிருக்கிறார். மற்ற பெண்களுக்கு ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்பீர்கள். சின்னப் பெண்கள் என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை, அதுதான் காரணம். இந்த அக்கா ஒருவர்தான் நான் சொல்வதை ஒன்று விடாமல் கேட்டவர்.

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து டீக்கடைக்காரரே பயந்துவிட்டார். “இது உங்க சுபாவம் இல்லக்கா. இதுவும் பழகுனதுதான்! நாந்தான் பழக்கி வச்சேன். மாத்திப் பழகலாம். நாளைக்கி வாங்க.”

“டீக்கு யாரு குடுக்குறது, நீயா நானா?” என்றார் அக்கா. வருகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

எப்படி மாற்றுவது என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது, என் நாய்களிடமும் இருந்தது. மைதானத்தில் இரண்டு நாய். செவலைக்கு வந்தவுடன் பிஸ்கட் போட்டுப் பழக்கியிருந்தேன். ஒரு நாள் பாக்கெட் எடுத்து வர மறந்துவிட்டால், முறைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். காது மடிந்த கறுப்புக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். அதுதான் நான் கிளம்புகிறவரை நம்பிக்கையோடு கூடவே நிற்கும். எப்போதும் கிடைப்பது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும், ஆனால் நின்ற மறுநாளே அவிழ்ந்துவிடும். எப்போதாவது கிடைப்பதுதான் தாங்கும். அப்படியானால் ‘ம்’மைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக.

முதலில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். “இனிமே நான் சும்மா இருந்தா தப்புன்னு அர்த்தம் இல்ல. சும்மா இருக்கேன்னு மட்டும்தான் அர்த்தம். தப்புன்னா வாயத் தொறந்து தப்புன்னு சொல்லிடுவேன்.”

“நீ சும்மா இருப்பியா?” என்று கேட்டார் அக்கா. அதில்தான் விஷயமே இருந்தது.

என்னால் முடியவில்லை! அக்கா அழகாக வளைந்தவுடன் ‘ம்’ என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன், மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் ‘ம்’ சொன்னபோதெல்லாம் வண்டி அழகாக ஓடியது. அது எனக்குக் கிடைத்த பிஸ்கட்! நான் அக்காவைப் பழக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அக்கா என்னைப் பழக்கி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் அக்கா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அப்ப ஃபீஸ நீதான் எனக்குக் குடுக்கணும்.”

விட்ருங்க என்று சொல்லிவிட்டுப் போனாலும் மறுநாளும் அக்காவைக் கொண்டுவந்து விட்ட கணவரிடம் மல்லாட்டை வாங்கி வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். இவ்வளவு நாளும் வேடிக்கை பார்த்தவருக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது. நான் வாயைத் திறக்கப் பார்த்தால், “மேடம், இந்தாங்க” என்று ஒரு பிடியை நீட்டுவார். வயலில் பறித்து, வீட்டில் வறுத்து, தினமும் எனக்கென்று தனிப் பொட்டலம் கொண்டுவர ஆரம்பித்தார். சுபாவம் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

முதலில் பக்கத்தில் ஓடி, இரண்டு மூன்று வளைவுக்கு ஒரு ‘ம்.’ பிறகு நடுவில் நின்று, எப்போதாவது. பிறகு கொடி நட்ட அந்த வாசல் வளைவுக்கே போய் நின்றுகொண்டேன், அங்கிருந்து சொன்னால் காதில் விழாது. நடுவில் ஒரு நாள் ரோடு திரும்புகிற இடத்தில் பழையபடி கால் கீழே போனது. என் பக்கம் பார்த்தார். நான் மென்றுகொண்டே நின்றேன். வேண்டுமென்றுதான். தலையைக்கூட ஆட்டவில்லை. அக்கா உதட்டைச் சுழித்தார், வண்டியை எடுத்தார்.

அதற்கு அடுத்த சுற்றில் என்னைக் கடந்து போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். எனக்குச் சந்தேகம். இன்னொரு சுற்று வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தார். வளைந்தார். உள்ளே, “ம்… ம்ம்ம்…”

“அக்கா! யாரு சொன்னது உங்களுக்கு, அப்படிச் சொல்லச் சொல்லி?”

“யாரும் சொல்லல. நீ குடுக்க மாட்டேன்ற. நானே போட்டுக்கினேன்.”

புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது இது? எந்தப் பக்கத்திலும் இல்லை. அதாவது, நான் படித்த வரைக்கும் கண்ணில் படவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன். செவலையும் கறுப்பும் சேர்ந்து குரைத்தன.

இரண்டாவது தேர்வு. மறுபடி வேலி, மறுபடி நாங்கள் இருவர். வாயில் மல்லாட்டை வைத்திருந்தேன், மெல்ல மறந்துவிட்டேன். “போங்கம்மா” என்றார் அதே ஆய்வாளர். நேர் ரோடு. வெள்ளைக்கோடு. வளைவு. வண்டி லேசாகத் தயங்கியது. கணவர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார், யாருடைய கை என்றுகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் கேட்காது. ஆனால் ஹெல்மெட் லேசாக, மிக லேசாக, மேலும் கீழும் அசைந்தது. எங்கள் ஊரில் ‘ம்’ கொட்டும்போது தலை அப்படித்தான் ஆடும்.

வண்டி வளைந்தது. எட்டின் முதல் சுழி, இரண்டாவது சுழி. கால் கீழே படவில்லை. திரும்பி வந்து ஆய்வாளர் முன்னால், கோடு போட்டது போல் நிறுத்தினார்.

ஆய்வாளர் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். “போன வாரம் வந்தது யாரும்மா, உங்க தங்கச்சியா?”

“இல்ல சார்” என்றார் அக்கா. “அதுவும் நாந்தான்.”

அந்த வேலை அக்காவுக்கே கிடைத்தது. போன வாரம் என் தெருவின் கடைசி வீட்டில் படுத்திருக்கும் ஒரு தாத்தாவுக்குக் கட்டு மாற்ற அக்கா வந்திருந்தார். வேலையை முடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். முன்னால் மருந்துப் பெட்டி. கணவரை இப்போதெல்லாம் அக்காதான் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வயலில் விடுகிறாராம். வளைவு வந்தால் அவர் கை முன்னால் நீண்டு அக்கா தோளைத் தேடுகிறதாம். “பழகிக்கினு இருக்காரு, பாவம்” என்றார்.

“கைய நீட்டு டீச்சரம்மா, உனக்கும் பாத்துட்றேன். பாக்கும்போது பேசக் கூடாது, பேசுனா அளவு ஏறும்.”

கையில் பட்டையைச் சுற்றினார். கருவி உறும ஆரம்பித்தது. அக்காவும் ஆரம்பித்தார். “அந்தக் கடசி வூட்டுத் தாத்தா இருக்காரே, மொத நா நா போனப்ப செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு பேசவே இல்ல. மருமவதான் கதவத் தொறந்துச்சி. நா பாட்டுக்குக் கட்டப் பிரிச்சி, தொடச்சி, மருந்து வச்சிக் கட்டுனேன். இன்னிக்கி என்ன ஆச்சின்னா…”

என் தொண்டையில் ‘ம்’ வந்து முட்டியது. பட்டை கையை இறுக்கிக்கொண்டிருந்தது. விழுங்கிக்கொண்டேன். அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார்.

“…வண்டிச் சத்தம் கேட்டதுமே இந்தப் பக்கம் திரும்பிட்டாரு. மருமவ கிட்ட, ‘அந்த நாற்காலிய இழுத்துப் போடு’ன்னாரு. அப்புறம் என்னப் பாத்து, ‘வாம்மா, உக்காரு’ன்னாரு.”

காற்று இறங்கியது. அக்கா கருவியில் வந்த எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“கொஞ்சம் ஏறித்தான் இருக்கு டீச்சரம்மா. வாய மூடிக்கினு இருந்தல்ல, அதனாலதான் போல.”